மூன்றாம் வகுப்பின் மண்குதிரைகள்

என் வகுப்புப் பிள்ளைகள் பாட்டு ஒப்பிக்கிற அழகைக் கேட்டிருந்தால், அதை எழுதிய புலவரே எழுந்து ஓடியிருப்பார். மழைப் பாட்டுக்கும் மாம்பழப் பாட்டுக்கும் ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்டால், சோற்றில் கைவைக்கும்போது எழுப்பிவிட்ட மாதிரி என்னைப் பார்ப்பார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. பெரிய வாத்தியாரும் நானும் என்று இரண்டே பேர். அப்பாவும் அம்மாவும் விழுப்புரத்தில் இருந்தார்கள். நான் திண்டிவனத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, மரக்காணம் போகும் பஸ்ஸில் தினமும் வந்து போனேன்.

பாட்டில் என்ன வருகிறதோ அதைக் கையால் செய்துவிட்டுத்தான் பாட வேண்டும் என்று மூன்றாம் வகுப்புக்கு ஒரு விதி போட்டேன். காற்றுப் பாட்டுக்குக் கருவேல முள் குத்திய பனையோலைக் காத்தாடி. ஓடப் பாட்டுக்கு மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்), ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர். கல்யாணப் பாட்டுக்குப் பூவரச இலைப் பீப்பீ. அன்றைக்குப் பெரிய வாத்தியார் அடுத்த வகுப்பில் கணக்குப் போட முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"கைவேலைன்னா தக்ளியில நூல் சுத்தறதுதானேம்மா? இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

காத்தாடி நின்றால் பாட்டையும் நிறுத்தி, அது சுற்றத் தொடங்கியதும் பாடிய ஒரு பெண்ணை அவருக்குக் காட்டினேன். அவளுக்கு யாரும் அர்த்தம் சொல்லித் தரவில்லை. அவர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தன் வகுப்புக்குத் திரும்பிப் போனார். தோற்றதை ஒப்புக்கொள்ள அவருக்கு அதுதான் வழி.

பங்குனியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும் சேதி வந்தது. பிள்ளைகள் குறைந்திருந்தால் இரண்டாவது வாத்தியார் வேலையை எடுத்துவிடுவார்கள். இரண்டாவது, நான். வேலை போனால் விழுப்புரத்துக்குத் திரும்பி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வந்தது. பங்குனி என்று பார்த்து, கிணற்றுத் தண்ணீர் இறைத்து வளர்த்த இறவை மல்லாட்டையும் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். செடியிலிருந்து காய் ஆயச் சின்னக் கைகள்தான் வாகு. பாதி வகுப்பு வயலுக்குப் போய்விட்டது.

வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். காத்தாடிப் பெண்ணின் அம்மாதான் எல்லோரையும்விடப் பட்டென்று பேசினாள். "ஆளு கெடைக்காம நானே பேஜாருபட்டுக்கினு இருக்கறேன். பாட்டு கத்துக்கினா மல்லாட்டை தானா வூட்டுக்கு வந்துடுமா டீச்சரம்மா?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதனால் கோபம் எனக்கு இன்னும் அதிகமாயிற்று.

மிச்சமிருந்த பிள்ளைகளோடு அந்த வாரம் குதிரைப் பாட்டு. புத்தகத்துப் பாட்டில் குதிரை வாய்க்குள் நுழையாத பெயரோடு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் நானே எளிதாக நாலு வரி கட்டினேன். ஏரிமண்ணைப் பிசைந்து ஆளுக்கு ஒரு குதிரை செய்தார்கள். சண்டை வராமலிருக்க அவரவர் பெயரை அதன் வயிற்றில் கீறச் சொன்னேன். வெயிலில் வைத்தால் வெடிக்கும் என்று வேப்பமரத்தடி நிழலில் வரிசையாக நிறுத்திவிட்டு, சனிக்கிழமை விழுப்புரம் போய்விட்டேன்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் குதிரைகளின் நெற்றியில் குங்குமம், கழுத்தில் அரளிப்பூ, எதிரே கற்பூரம் எரிந்த கரி. ஏரிக்கரை ஐயனார் இருக்கிற திக்கைப் பார்த்து அவற்றை நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அதன் பேரில் ஐயனாருக்குக் குதிரை வைப்பதாக வேண்டிக்கொள்கிற ஊர் அது. டீச்சரம்மா பிள்ளைகள் பேரில் குதிரை நேர்ந்துவிட்டிருக்கிறாள் என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

"இது பாடம்தாம்மா, வேண்டுதல் இல்லை" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "வேண்டுதலை வெளிய சொல்லக் கூடாதுன்னு மறைக்கிறீங்க" என்று ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். பெரிய வாத்தியார் பயந்துபோய், "மண்குதிரையை நம்பி ஆத்துல எறங்கிட்டீங்களேம்மா" என்றார்.

மத்தியானம் காத்தாடிப் பெண்ணின் அம்மா, வயல் புழுதிக் காலோடு, மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது. "எல்லாப் புள்ளைக்கும் வெச்சீங்க. எம்பொண்ணு இன்னா பாவம் பண்ணா?"

பாடம்தான் என்று மறுபடியும் சொன்னேன். அவள் கேட்பதாயில்லை. எனக்கும் பொறுமை போயிற்று, என் விதியையே தலைகீழாக்கிவிட்டேன். "பாட்டு பாடத் தெரியாதவங்களுக்குக் குதிரை கிடையாது. அது என் வகுப்பு விதி. பாட்டு வேணும்னா பள்ளிக்கூடத்துக்கு வரணும்" என்றேன். நான் கோபத்தில் சொன்னதை அவள் ஐயனார் உத்தரவாக எடுத்துக்கொண்டு போய் ஊரெல்லாம் சொன்னாள். மறுநாள் மூன்றாம் வகுப்பில் உட்கார இடமில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகளின் கைவேலையைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு பிள்ளையும் அசையவில்லை. "எடுத்தா குத்தம் சார்" என்றது ஒரு வாண்டு. பெரிய வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. இன்ஸ்பெக்டர் தானே எழுந்து மரத்தடிக்குப் போனார், குங்குமத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பிள்ளைகள் பாடினார்கள். குதிரை ஓடும் வரியில் பாட்டும் ஓடியது, நிற்கும் வரியில் நின்றது. அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். இனி மேலிடத்து உத்தரவு வரவேண்டியதுதான் பாக்கி. வேலை போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

அப்படி இருந்த ஒரு காலையில், வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு குதிரை. மற்றவற்றைவிடப் பெரிது, ஒரு காது பிய்ந்திருந்தது. வயிற்றில் பெயரைக் காணோம். பக்கத்தில் காத்தாடிப் பெண்ணின் அம்மா மண் ஒட்டிய கையோடு நின்றிருந்தாள்.

"இது யார் பேருக்கு?"

"உங்களுக்குத்தான். எல்லார் புள்ளைக்கும் வெச்சீங்க, உங்களுக்குன்னு ஒண்ணு வெக்க ஆளில்ல. உங்கள இந்த ஊர வுட்டு அனுப்பிடுவாங்கன்னு பெரிய வாத்தியார் சொன்னாரு. எனக்கு எழுத வராது, அதான் பேரு போடல." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "பாட்டு தெரியாம செய்யக் கூடாதுன்னீங்களே. எம்பொண்ணுகிட்ட கத்துக்கினுதான் செஞ்சேன்."

கேட்காமலே பாடியும் காட்டினாள், முந்தானையால் வாயைப் பாதி மறைத்துக்கொண்டு. இரண்டாம் வரியும் நாலாம் வரியும் இடம் மாறிப்போயின. திருத்தலாம் என்று வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

என் வேலை போகவில்லை. இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதியதால்தான் என்று பெரிய வாத்தியார் எல்லோரிடமும் சொன்னார். இருக்கலாம், இன்ஸ்பெக்டருக்கும் என் நன்றி உண்டு. ஆனால் அந்தப் பாட்டை அதற்குப்பின் எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தாலும், அவள் பாடிய வரிசையில்தான் சொல்லிக் கொடுத்தேன்.