காகிதத்தில் ஃபிட்டர்

கதவு முழுதாகத் திறந்திருந்தாலும் பக்கவாட்டில்தான் நுழைவார். முதலில் இடது தோள், பிறகு கழுத்து இருக்கவேண்டிய இடம், கடைசியில் ஒரு துணிப்பை. பையிலிருந்து எள் தூவிய ரொட்டி வளையம் ஒன்றை எடுத்து என் மருந்துக்கடை மேசையில் வைப்பார். அது எனக்கு. பிறகு வரிசையில் தனக்கு முன்னால் நிற்பவரின் பிடரியைக் கண்ணால் அளப்பார்.

"தம்பி, ஆபீஸ் வேலைதானே?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"கழுத்து சொல்லுது. பென்சில் மாதிரி இருக்கு."

பெயர் பொம்பிலியு கெராசிம். வயது அறுபத்தைந்து. கிரிவித்சா தெருவில் எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடிக்காரர். லிஃப்ட் வேலை செய்தாலும் படியில்தான் ஏறுவார். முழங்கால் கெட்டுப்போனதற்கு மாடிப்படியைத் தவிர எல்லாவற்றையும் குறை சொல்வார். வாரம் ஒரு குழாய் வலிநிவாரணி களிம்பு தீரும். மாத்திரையைக் கொடுத்து, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று சொன்னால், உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "காகிதம் அப்படிச் சொல்லுது, மருந்தம்மா" என்பார். அப்படியென்றால் காலையில் மட்டும்தான் போடுவார் என்று அர்த்தம். வானிலை அறிக்கை, ரயில் அட்டவணை, தேர்தல் அறிக்கை, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். காகிதம் அப்படிச் சொல்லுது.

இந்தச் சொல்லை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது எனக்குத் தெரிய இருபது வருடம் ஆனது.

எண்பதுகளில் ஏழு ஆண்டுகள் அவர் நம் தேசிய ரக்பி அணியில் இருந்தார். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலைகோத்துத் தள்ளுகிற ஸ்க்ரம்மில், முன்வரிசையின் நடுவில், இரண்டு பேர் தோளில் கைபோட்டுத் தொங்கிக்கொண்டு காலால் பந்தைப் பின்னுக்கு இழுக்கும் ஹூக்கர். ஆனால் அந்த இடத்துக்கு அவரைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். ஆகவே பொம்பிலியு பெரும்பாலும் பெஞ்சில்தான். மொத்தம் பதினோரு ஆட்டம். அதில் மூன்றை அவரே கழித்துவிடுவார். "அஞ்சு நிமிஷம் உள்ள போனா அது ஆட்டமா? மழைக்கு ஒதுங்கின மாதிரி."

அன்று ரக்பிக்குச் சம்பளம் கூடாது என்பது உலகச் சட்டம். வெளிநாட்டு அணிகளில் வாத்தியார்கள், விவசாயிகள், சுரங்கத் தொழிலாளிகள் இருந்தார்கள். வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்குப் போனார்கள். நம் ஆட்களுக்கும் காகிதத்தில் வேலை இருந்தது. ஒருவர் படைவீரர், ஒருவர் போலீஸ்காரர். பொம்பிலியுவின் பணிப்புத்தகத்தில் 'ரயில் எஞ்சின் ஃபிட்டர், மூன்றாம் நிலை' என்று முத்திரை குத்தியிருந்தது. மாதாமாதம் பட்டறையிலிருந்து சம்பளம் வந்தது. பட்டறையின் வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். காலையில் பயிற்சி, மாலையில் பயிற்சி, ஊரே இறைச்சிக்கு வரிசை நின்ற காலத்தில் தட்டில் இரண்டு கட்லெட். அப்படி ஆடித்தான் எண்பத்துமூன்றில் இங்கே வந்த வேல்ஸ் அணியைக் கதறக் கதறத் தோற்கடித்து அனுப்பினார்கள்.

அன்று மாலை விருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் எம்ரிஸ் என்ற வேல்ஸ்காரர். அவரும் பெஞ்சுக்காரர், அவரும் ஹூக்கர். மொழிபெயர்க்க ஒரு பெண் நின்றிருந்தாள். என்ன வேலை என்று அவர் கேட்க, இவர் ஃபிட்டர் என்றார். அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அவரும் ஃபிட்டர், இரும்பாலையில். உடனே தொழில் பேச ஆரம்பித்துவிட்டார். துருப்பிடித்து இறுகிய போல்ட்டை நீங்கள் சுடவைத்துக் கழற்றுவீர்களா, எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பீர்களா? பொம்பிலியு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவள் இவரைப் பார்த்தாள். எம்ரிஸ் சிரித்துக்கொண்டே இவருடைய கையைப் பிடித்துத் திருப்பி, காய்ப்பே இல்லாத உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அதைப் பத்திரமாக மேசைமேல் திரும்ப வைத்துவிட்டார்.

"திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல மருந்தம்மா. குழந்தை கைய வைக்கிற மாதிரி வெச்சான். எனக்கு சோறு எறங்கல."

இதை அவர் சொன்னது என் கடையில், கைவெடிப்புக்குக் கிளிசரின் வாங்க வந்த ஒரு நாளில்.

ஆட்சி கவிழ்ந்த எண்பத்தொன்பது டிசம்பரில் தெருவில் சுடப்பட்டு இறந்தவர்களில் ரக்பிக்காரர்களும் உண்டு. அதன்பிறகு எல்லை திறந்தது. முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிரான்சுக்குப் போனார்கள். பட்டறைக்குப் புதிய நிர்வாகம் வந்து, பெயரேட்டில் இருப்பவர்கள் வேலைக்கு வரட்டும், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடலாம் என்றது. அதே வாரம் தென்பிரான்சின் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து பழைய தோழர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். வந்துவிடு, எங்கள் கிளப்புக்கு ஹூக்கர் வேண்டும், நகராட்சியில் தோட்டக்காரன் வேலை போட்டுத் தருவார்கள்.

"செடி வெட்டணுமா?" என்று இவர் கேட்டார்.

"சும்மா இருடா. காகிதத்துலதான்."

"மறுபடியும் காகிதமா?" என்று கேட்டுவிட்டு இவர் தொலைபேசியை வைத்துவிட்டார். முப்பத்துமூன்று வயதில், திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, புது நீல ஓவராலைப் போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் போய் நின்றார்.

அவரை ஒப்படைத்தது ஸ்மராண்டா என்ற ஃபிட்டரிடம். அவளுக்கு அப்போது இருபத்தாறு. இவர் நெஞ்சளவு உயரம். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பணிப்புத்தகத்தைத் திருப்பினாளாம்.

"பதிமூணு வருஷ அனுபவம்னு போட்டிருக்கு. நல்லது. அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர எடுங்க."

இவர் பதினேழை எடுத்துக் கொடுத்தார்.

"யோவ் சாம்பியன், அது பதினேழு. நம்பர் மேலயே எழுதியிருக்கு. முதுகுல நம்பர் போட்டு ஆடினவர்தானே நீங்க?"

பட்டறை முழுதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஆறுமாதம் ஓயவில்லை என்பார். விரல் நசுங்கியது, நகம் போயிற்று, கைமேல் சூடான எண்ணெய் கொட்டியது. ஒரு நாள் இறுகிப்போன போல்ட் ஒன்றோடு மல்லுக்கட்டி மரையையே அறுத்துவிட்டார். ஸ்மராண்டா பக்கத்தில் வந்து குந்தினாள். "ஏன்யா தள்ளிக்கிட்டே இருக்கீங்க? கொஞ்சம் எண்ணெய் விட்டுட்டுப் போய் டீ குடிச்சிட்டு வாங்க. அதுவே மனசு மாறும்." எம்ரிஸின் கேள்விக்குப் பத்து வருடம் கழித்து விடை கிடைத்தது. மூன்றாம் வருடம் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். யார் யாரிடம் கேட்டார்கள் என்பதில் இன்றுவரை வீட்டில் சண்டை.

திருமணமான அந்தத் தொண்ணூற்றைந்தில்தான், ரக்பி ஆடுகிறவர்களுக்கு இனி வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கலாம் என்று உலகம் முடிவு செய்தது. மதிய உணவு இடைவேளையில் அவர் பத்திரிகையை உரக்கப் படித்தார். ஸ்மராண்டா ரொட்டியில் பன்றிக்கொழுப்பு தடவிக்கொண்டே கேட்டாளாம்: "அப்ப வேலைக்குப் போயிட்டு ஆடினவனெல்லாம் இனிமே ஆட்டக்காரன். நாளெல்லாம் ஆடின நீ இப்ப வேலைக்காரன். சரிதானே?"

"சரிதான்."

"வருத்தமா?"

"பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர எங்க வெச்சே?" என்றாராம் இவர்.

வருத்தம் வராமல் இல்லை. சம்பளம் வந்தபின் பணக்கார நாடுகளின் அணிகள் வேறு மனிதர்களைப் போலாயின. நம் அணியில் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் வெளிநாட்டில். தேசிய அணி அழைத்தால் கிளப் விடவில்லை என்பார்கள். விட்டாலும் வியாழக்கிழமை வந்து சனிக்கிழமை ஆடினார்கள். இரண்டாயிரத்தொன்று நவம்பரில் லண்டனில் நாம் தோற்றது நூற்றுமுப்பத்துநான்கு – பூஜ்யம். அன்று மதியம் நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். எதிரணியின் புள்ளிகள் எண்பதைத் தாண்டியதும் ஸ்மராண்டா தொலைக்காட்சியை அணைக்க எழுந்தாள்.

"விடு. பசங்க ஆடி முடிக்கணும்ல. நாம பாத்தாவது முடிப்போம்."

கடைசி விசில்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரம் ஒவ்வொன்றுக்கும் அவர் தோள் மட்டும் லேசாக அசைந்தது, தள்ளுகிறவரைப் போல.

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, டிராம் ஏறி, தேசிய அணியின் பயிற்சி மைதானத்துக்குப் போனார். யாரும் அழைக்கவில்லை. திரும்பி வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போய் நின்றார். பிறகு நடந்ததை ஸ்மராண்டா எனக்கு நடித்தே காட்டியிருக்கிறாள்.

"பஸ்ஸத் தள்றாங்க."

"ஸ்டார்ட் ஆகலியா?"

"ஆகுது. கைப்பிரேக் போட்டு நிறுத்தி வெச்சுத் தள்றாங்க. எட்டுப் பேரும். ஸ்க்ரம் பழக மெஷின் இல்ல. இருந்த மரச்சட்டம் உளுத்து ஒடிஞ்சுபோச்சாம். பஸ் டிரைவர் வேற கத்தறான், பெயின்ட் போகுதுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"டிரைவர்கிட்டயா?"

"யோவ் சாம்பியன்!"

"ஒண்ணும் சொல்லல. யார்டுல அந்த ஒடஞ்ச சரக்குப் பெட்டி கெடக்குல்ல? அதோட பஃபர் நாலும் நல்லாத்தான் இருக்கு."

ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும்போது அடியைத் தாங்கிக்கொள்வது பஃபர். உள்ளே ஆள் கனத்துக்குச் சுருள்வில். அந்தப் பெட்டி பழைய இரும்புக்கு எழுதிவைக்கப்பட்டது. ஸ்மராண்டா அப்போது பிரிவுத் தலைவி. மறுநாள் அவளே விண்ணப்பம் எழுதினாள். 'பஃபர் வில் சோதனைக்கான சட்டம் ஒன்று தயாரிக்க அனுமதி வேண்டும்.' மேலதிகாரி படித்துவிட்டு, இதை யார் சோதிக்கப் போகிறார்கள் என்று கேட்டார். "எட்டுப் பேர் கொண்ட குழு" என்றாள். பொய் ஒரு எழுத்தும் இல்லை. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவரும் லண்டன் ஆட்டத்தைப் பார்த்தவர்தான்.

ஏழு வாரம், வேலைநேரம் முடிந்தபின் ஒரு மணி நேரம். தண்டவாளத் துண்டுகளில் சறுக்குச் சட்டம். முன்னால் தோள் பதிக்க, கிழிந்த ரயில் இருக்கைகளின் தோல் மெத்தை. உயரம் அளக்கப் பொம்பிலியுவே குனிந்து குனிந்து நின்றதில் முழங்கால் அப்போதுதான் முதலில் மக்கர் செய்தது. பட்டறையில் முன்பு சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து ஆளுக்கு ஒரு பற்றவைப்பு போட்டுவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரியில் லாரியில் ஏற்றி மைதானத்தில் இறக்கினார்கள். பிரான்சிலிருந்து அந்த வாரம்தான் வந்திருந்த ஹொரியா என்ற முன்வரிசைக்காரர் அதைச் சுற்றி நடந்து பார்த்தார். நல்ல ஆட்டக்காரர், விலையுயர்ந்த பூட்ஸ்.

"அண்ணே, எங்க கிளப் மெஷின்ல கம்ப்யூட்டர் இருக்கு. எத்தனை கிலோ தள்ளினோம்னு காட்டும். இது என்ன காட்டும்?"

"ஒண்ணும் காட்டாது தம்பி. திருப்பித் தள்ளும்."

எட்டுப் பேரும் தலைகோத்தார்கள். ஹொரியா உறுமினார். சட்டம் ஒரு முழம் பின்னால் போயிற்று, இன்னும் அரை முழம் போயிற்று. யாரோ ஒருவர் கால் சேற்றில் நழுவிய நொடியில் நான்கு வில்லும் ஒன்றாக விரிந்தன. தேசிய அணியின் எட்டு மலைகளும் சேற்றில் உட்கார்ந்திருந்தன. ஹொரியாதான் முதலில் சிரித்தார். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "மூணு மாசமா பசங்க முகத்துல பல்லே பாக்கல" என்று பயிற்சியாளர் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்.

அதனால் உலகம் தலைகீழாகிவிடவில்லை. பெரிய அணிகள் இன்றும் பெரிய அணிகள்தான். எண்பத்துமூன்று திரும்பி வரவில்லை. ஆனால் அந்த வசந்தத்தில் ஓர் ஆட்டத்தில் நம் எட்டுப் பேர் எதிரணியின் எட்டுப் பேரை இருபது அடி பின்னுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். பொம்பிலியு அதைப் பார்க்கவில்லை. எஞ்சினுக்கடியில் மல்லாந்து கிடந்தார். ஸ்மராண்டா குழிக்குள் தலையை நீட்டி, வானொலியில் கேட்டதைக் கத்திச் சொன்னாள். அவர் இருந்த இடத்திலிருந்து, "தள்றப்ப முழங்கை உள்ள இருந்துச்சான்னு கேளு!" என்று கத்தினார்.

"வானொலிகிட்டயாய்யா கேக்கறது?"

ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை அந்தச் ஸ்க்ரம் இயந்திரத்துக்கு எண்ணெய் போடப் போகிறார். புதிய இயந்திரங்கள் இரண்டு வந்துவிட்டன, திரையோடு. முன்வரிசைக்காரர்கள் மட்டும் வாரத்தில் ஒரு நாள் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மாமியார்'. இவர் அதைக் கேட்டும் கேளாததுபோல் இருப்பார்.

போன வியாழக்கிழமை ஸ்மராண்டாவுக்குப் பல் வைத்தியம். ஆகவே களிம்போடு நான் மைதானத்துக்குத் துணையாகப் போனேன். எட்டுப் பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடல்தாண்டி வந்த புதிய பயிற்சியாளர் எங்களுக்குப் புரியாத மொழியில் கத்திக்கொண்டிருந்தார். என் காதுக்கு எல்லாமே ஒரே இரைச்சல். இவர் மட்டும் இயந்திரத்தில் ஏதோ மாறிய சத்தம் கேட்டு நின்றுவிட்டார். கயிற்றைத் தாண்டி, பக்கவாட்டில் நடந்து, எட்டுப் பேருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே போய்க் கையை உயர்த்தினார். பயிற்சியாளர் வாயைத் திறந்து, யாரோ ஏதோ சொல்ல, மூடிக்கொண்டார்.

ஒவ்வொரு முழங்காலாக மடித்துச் சேற்றில் மண்டியிட்டார். தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பிறகு மூன்றாம் பஃபரின் குளிர்ந்த இரும்பில் காதை வைத்தார். பின்னால் எட்டுப் பேரும் ஆவிபறக்க இரைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இருமினார். திரும்பிப் பார்க்காமலே, வலதுகைச் சுட்டுவிரலை உதட்டின்மேல் வைத்தார். தேசிய அணி மூச்சைப் பிடித்துக்கொண்டது.