பேருந்தில் வந்த ஹார்மோன் பேட்ச்: குளத்தூர் முதல் திருமயம் வரை

திருமயம் கோட்டையைக் கோடை வெயிலில்தான் ஏறுவேன் என்று கிளம்பியது முழுக்க வீம்புதான். ஈஸ்ட்ரோஜன் பேட்ச் ஒட்டத் தொடங்கிய இந்த இரண்டு ஆண்டுகளில், வியர்வையில் கழன்றுவிடும், சூட்டில் மருந்து கெட்டுவிடும் என்று எனக்கு நானே தடை போட்டுக்கொண்டு கோடையெல்லாம் திருச்சி வீட்டில் புத்தகங்களோடு முடங்கிக் கிடந்தேன். இந்த ஏப்ரலில் நான்கு நாள் விடுப்பு கிடைத்ததும் பையைத் தூக்கிவிட்டேன். என்னைப் போல பேட்ச் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்ற நினைக்கும் திருநங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், பேருந்து நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

தெரியாதவர்களுக்கு: பேட்ச் என்பது தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய ஒட்டுத்தாள். அடிவயிற்றில் ஒட்டினால் அதிலுள்ள பெண் ஹார்மோன் மருந்து தோல் வழியே மெல்ல இறங்கும். எனக்கு மருத்துவர் எழுதியது வாரம் இரண்டு: திங்கள் காலை, வியாழன் மாலை. புதன்கிழமை குளத்தூரில் தோழி வீட்டில் பையைத் திறந்தால் பேட்ச் டப்பா இல்லை. பூட்டிய வீட்டின் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். சென்ற ஆண்டு இப்படி மறந்தபோது பாதிப் பயணத்தில் திரும்பினேன். இந்த முறை திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன். குளத்தூரில் கேட்ட மருந்துக் கடையில் முட்டிவலி பிளாஸ்டரை எடுத்துக் காட்டினார்கள்.

வழக்கமாக வாங்கும் திருச்சிக் கடைக்கு மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். வியாழன் காலை புதுக்கோட்டை வழியாகப் போகும் 8.10 காரைக்குடி பேருந்தில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார் கடைக்காரர். இந்தப் பக்கம் மருந்து, சாவி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இப்படித்தான் போகும். பொட்டலத்தின் மேல் பெயரும் போன் எண்ணும் இருக்கும், கண்டக்டர் வழியில் அழைப்பார், நாம் பேருந்து நிலையத்தில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும் என்று நான்தான் சொன்னேன். என் பெயரை ஊர் முழுக்கக் கொண்டுபோவது எனக்குப் பிடிக்காது.

காலை ஏழரைக்குக் குளத்தூரில் கிளம்பி எட்டரைக்கெல்லாம் புதுக்கோட்டை வந்துவிட்டேன். 8.50க்கு கண்டக்டர் அழைத்தார். பொட்டலங்களை டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் வைப்பது வழக்கம். அது தோசைக்கல் போலச் சுடும்.

"பானெட் மேல மட்டும் வச்சிராதீங்கண்ணே."

"சரி சார், என் சாப்பாட்டுப் பைகிட்ட வச்சுக்கிறேன்."

ஈஸ்ட்ரோஜன் குரலை மாற்றாது. அந்த 'சாரை'த் திருத்தாமல் விட்டேன்.

9.35க்கு பேருந்து வந்தது. சுடிதாரோடு படியேறிக் கையை நீட்டினேன்.

"இது ஒரு சாரோட பார்சல்ங்க. அவர வரச் சொல்லுங்க."

"பேசுனது நான்தாண்ணே."

"போன்ல ஆம்பளையில்ல பேசுனாரு? மருந்து சமாச்சாரம். ஆள் மாத்திக் குடுத்துட்டு நான் பதில் சொல்ல முடியாது. எறங்குங்க, வண்டி எடுக்கணும்."

பொட்டலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இறங்கினால் அது காரைக்குடிக்குப் போகும், நான் திருச்சிக்குப் போக வேண்டும். படியிலேயே நின்றேன்.

"அந்த நம்பருக்கு இப்ப அடிங்க."

அடித்தார். என் கையில் போன் ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்து, அவர் முகத்தைப் பார்த்தே பேசினேன். "பானெட் மேல வைக்காதீங்கன்னு சொன்னது நான்தான். இதான் என் குரல். மருந்தும் எனக்குத்தான்."

பின்னால் யாரோ, "ஓ, அதுவா!" என்று சிரித்தார்.

"அதேதான்," என்றேன் திரும்பி. "வேற ஏதாச்சும் கேக்கணுமா?"

சிரித்தவர் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். முன் இருக்கையில் கறிவேப்பிலைக் கட்டோடு இருந்த அம்மாள்தான் பொறுமை இழந்தார். "குடுத்துத் தொலைய்யா, உள்ள வேகுது. அந்தப் புள்ளைக்கே இல்லாத சந்தேகம் ஒனக்கு எதுக்கு?"

பொட்டலம் கைக்கு வந்தது. தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.

"எங்க போறீங்க?" என்றார் கண்டக்டர், என்னைப் பார்க்காமல்.

"திருமயம்."

"இதே வண்டிதான். அங்கிட்டு எடம் இருக்கு, உக்காருங்கம்மா."

இருபது கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம், டிக்கெட் இருபது ரூபாய். பதினோரு மணிக்குக் கோட்டை ஏறினேன். பாறை செருப்பைத் தாண்டிச் சுட்டது. உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றபோது பழைய பேட்சின் ஓரம் வியர்வையில் லேசாகத் தூக்கியது. உள்ளங்கையால் அழுத்திவிட்டு, நெடுஞ்சாலையையும் வறண்ட கண்மாயையும் ஆற அமரப் பார்த்தேன். இதற்குப் பயந்தா இரண்டு கோடையை வீணாக்கினேன் என்று கோபம்தான் வந்தது.

மாலை புதுக்கோட்டை லாட்ஜில் குளித்து, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் உலர்ந்த பிறகு, புதிய பேட்சை வயிற்றின் மறுபக்கம் ஒட்டினேன். பவுடர், எண்ணெய் கூடவே கூடாது. பழையதை ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்துக் குப்பையில் போடுங்கள். கூடுதலாக இரண்டைக் கைப்பையிலேயே வைத்திருங்கள், மருந்துச் சீட்டின் படம் போனில் இருக்கட்டும். அளவை நீங்களாக மாற்றாதீர்கள், அது மருத்துவர் வேலை.

பேருந்தில் வரவழைக்க நேர்ந்தால் பொட்டலத்தில் உங்கள் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். கண்டக்டர் அழைத்தால் உங்கள் குரலிலேயே அந்தப் பெயரைச் சொல்லுங்கள். 'சார்' என்றால் அங்கேயே திருத்துங்கள். அப்படியும் கொடுக்க மாட்டேன் என்றால் படியை விட்டு இறங்காதீர்கள். வண்டி நிற்கும்.