எந்த வான்?

கேள்வி கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. நானாட்டானிலிருந்து மன்னாருக்குப் பஸ்ஸில் போனாலும், பக்கத்தில் இருப்பவரின் பைக்குள் என்ன இருக்கிறது என்று அறியாமல் இறங்கமாட்டேன். அப்படிப்பட்ட என்னை அவுஸ்திரேலியாவின் டார்வின் விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு, ஒரு பகல் முழுக்கப் பாழ்வெளிக்குள்ளால் ஓட்டிப் போகவேண்டிய தலைவிதி என் தங்கையின் கணவருக்கு.

"தூரப் பயணம், மச்சாள். நித்திரை வந்தால் கொள்ளுங்கோ," என்றார், ஆசையாக.

எனக்கு எங்கே நித்திரை வரும்?

அவர் பேசாலைக்காரர். கடலைப் பார்த்து வளர்ந்த மனிதர், இப்போது கடல் கண்ணிலேயே படாத ஒரு சிறு நகரத்தில் குளிரூட்டி திருத்துகிறார். தங்கை அங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். கலியாணமாகிப் பல வருடம் காத்திருந்து, நாற்பதை எட்டுகிற வயதில் முதல் பிள்ளை. அம்மா இல்லை. "தனியக் கிடந்து பெறமாட்டன், அக்கா. நீங்கள் வந்தே ஆகவேணும்," என்று போனில் அழுதாள். அவள் அழுதால் எனக்குக் கை கால் ஓடாது. வயலையும் வீட்டையும் என் வீட்டுக்காரரின் தலையில் போட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டேன். வைத்தியர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அவர் அவளைத் தனியே விட்டுவிட்டு, தன் வேலை வாகனமான வானில் என்னை ஏற்ற வந்திருந்தார். வானின் பின்பக்கத்தில் டார்வினில் வாங்கிய தொட்டிலும் என் பெட்டியும். பெட்டிக்குள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூள். அதை முகர்ந்து பார்த்த விமான நிலைய அதிகாரி தும்மி முடித்துத்தான் என்னைப் போக விட்டார்.

அங்கே அது மழைக்காலம். எங்கள் ஊரிலும் அதே காலம்தான். சிவந்த மண், சிலாவத்துறைப் பக்கம் போல. ஆனால் சிலாவத்துறை முடிந்துவிடும், இது முடியவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஆளுயரப் புற்றுகள். எங்கள் ஊரில் இந்த உயரத்தில் ஒன்று எழும்பியிருந்தால், ஒரு கிழமைக்குள் மஞ்சள் பூசிப் பொங்கல் வைத்திருப்பார்கள். இங்கே கேட்பாரில்லாமல் நின்றன. முதல் நாலைந்துக்கும் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு கை உளைந்ததால் விட்டுவிட்டேன்.

"உள்ளுக்குப் பாம்பு இல்லையோ, தம்பி?"

"கறையான்தான், மச்சாள்."

"நிச்சயமோ? ஆராவது இடிச்சுப் பாத்தவையோ?"

அவர் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

தெரு தாழ்ந்து இறங்குகிற இடங்களில் இலக்கம் எழுதிய வெள்ளைக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். "இதில ஆருக்கு உயரம் அளக்கிறது?" என்று கேட்டேன். "வெள்ளத்துக்கு," என்றார். வெள்ளம் வரும் என்று தெரிந்தே தெருவைத் தாழ்த்திப் போட்டுவிட்டு, பக்கத்தில் அளவுகோலையும் நட்டுவைத்த நாட்டின்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. கந்தோருக்குக் கந்தோர் அலைந்து ஒரு பாலம் கேட்டுக் களைத்த ஊர்க்காரி நான்.

மத்தியானம் தாண்டி, ஓர் ஆற்றுக்கு முன்னால் இருந்த பெற்றோல் செற்றில் எங்களை மறித்துவிட்டார்கள். ஆறு பாலத்துக்கு மேலால் போகிறது, வற்றும்வரை தெரு பூட்டு. லொறிக்காரர்கள் ஏற்கெனவே கதிரைகளை வெளியில் இழுத்துப் போட்டுக் குந்தியிருந்தார்கள். முற்றத்தில் வயிறு பெருத்த ஒரு மரம் நின்றது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, எங்கள் மன்னார்ப் பெருக்கமரத்தின் இரத்தச் சொந்தக்காரன்.

"எங்கட மரத்தை அரபிகள் கொண்டந்தது எண்டு சொல்லினம். இதை ஆர் கொண்டந்தது?"

"இது இஞ்சத்த மரமெண்டுதான் சொல்லினம். மரத்திட்டயே கேளுங்கோ, மச்சாள்," என்றார். அவருக்கு என்னைப் பழகிவிட்டது.

வழி முழுக்க இல்லாத தொடர்பு அந்த இடத்தில் இருந்தது. என் கைத்தொலைபேசி ஒரு தரம் சிணுங்கியது. தங்கையின் செய்தி, தமிழில், ஒரே வரி: "அக்கா, வான் பாயுது."

வயற்காரர் அல்லாதவர்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் குளத்து வான் என்றால் ஆகாயமும் இல்லை, வாகனமும் இல்லை. குளம் முட்டியபின் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கட்டிவிட்ட இடம். கட்டுக்கரைக் குளம் வான் பாய்ந்தால், அடுத்த சிறுபோக நெல் விதைப்புக்கும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அன்று காலையில்தான் என் வீட்டுக்காரர் போனில், குளம் முட்டப்போகிறது, இன்றோ நாளையோ பாயும் என்று சொல்லியிருந்தார். ஆகவே நான் ஒன்றும் யோசிக்கவில்லை. ஊரில் யார் வான் பாய்ந்த செய்தி சொன்னாலும் என்ன சொல்வோமோ அதையே எழுதினேன்: "சந்தோசம். இனிப் பயமில்லை."

தங்கையின் கணவர் எட்டிப் பார்த்தார். "எந்த வான்? எங்கட வானோ?" என்று வெளியே நின்ற வாகனத்தைத் திரும்பிப் பார்த்தார். கடற்கரைக்காரருக்குக் குளத்துக் கதை எங்கே புரியும் என்று சிரித்துக்கொண்டே விளங்கப்படுத்தினேன்.

பிறகு தேநீர் குடித்தோம். தேநீர் பாதியில்தான் என் வியாதி தலைகாட்டியது. இவளுக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லாமல் அவளுக்கு முதலில் சொன்னாரா? குளம் என் வயலுக்கல்லவா தண்ணீர் தருகிறது? கோபம் வந்துவிட்டது. உடனே அவருக்கு அழைத்தேன்.

"வான் பாய்ஞ்சதெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எங்க பாயுது? இன்னும் ஒரு சாண் கிடக்கு. இப்பதான் குளக்கட்டிலயிருந்து வாறன்."

"அவளுக்குச் சொன்னனீங்களெல்லோ?"

"ஆருக்கு? நான் அவளோட கதைச்சுக் கிழமைக் கணக்காகுது. உமக்கென்ன, வெயில் பிடிச்சிட்டுதோ?"

போனை வைத்தேன். அப்படியென்றால் எந்த வான்?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் மூத்தவன் பிறந்த மார்கழி. தெருவெல்லாம் வெள்ளம், வாகனம் ஓடவில்லை. என்னை உழவுமெசின் பெட்டியில் ஏற்றி முருங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் அம்மா, எதிரில் பள்ளிக்கூடச் சட்டையோடு இவள். வழியில் பன்னீர்க்குடம் உடைந்தது. முன்னால் மெசின் ஓட்டிய சித்தப்பாவுக்குக் கேட்கக் கூடாதென்று வெட்கப்பட்டு, "அம்மா, வான் பாயுது," என்றேன். அந்த நோவிலும் இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

மூன்று கிழமை முந்தி, தனியே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவள்.

சொன்னேன். தங்கையின் கணவர் சாவியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வானின் கதவைத் திறக்கமுதல் அவர் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ, மச்சாள். நான் கடலில ஓடினவன். இந்த ஆறு எனக்கென்ன?"

"அது தோணி, தம்பி. இது வான். ஒரு வான் பாய்ஞ்சது காணும். இதும் ஆத்துக்குள்ள பாய்ஞ்சால் அவளுக்கு நான் என்ன சொல்லுறது?"

சாவியைப் பறித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் வானில் நெற்றியை முட்டிக்கொண்டு, சிலுவை போட்டபடி அழுதார். நானும் அழுதேன். பெருக்கமரத்தின் சொந்தக்காரனைப் பற்றிக் கேட்க எனக்கு ஆயிரம் கேள்வி இருந்தது, ஒன்றும் வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்தோம். தாதி நல்ல மாதிரித்தான் பேசினாள். அம்புலன்ஸில் வந்து சேர்ந்துவிட்டாள், வயிற்றுப் பிள்ளையும் சுகம், ஆனால் நோவில் இருப்பதால் இப்போது அவளால் கதைக்க முடியாது என்றாள். பெற்றோல் செற்றின் இலக்கத்தை அவளிடம் கொடுத்தோம். இருட்டுகிற நேரம் பெற்றோல் செற் முதலாளி அம்மா தன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பெண் பிள்ளை. லொறிக்காரர்கள் எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள்.

ஆறு வற்ற மேலும் இரண்டு நாள் எடுத்தது. தெரு திறந்து நாங்கள் பாலத்தைக் கடக்கும்போது என் வீட்டுக்காரர் செய்தி அனுப்பினார், கட்டுக்கரை உண்மையாகவே வான் பாய்கிறதாம். அதற்குப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தங்கை கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வெளிறிப்போய், ஆனால் சிரித்தபடி. பிள்ளை எங்கள் அம்மாவின் மூக்கோடு நித்திரை கொண்டது. நான் அவள் தலையைத் தடவினேன். தனியே விட்டுவிட்டேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இவருக்குச் சொன்னால் வானோட ஆத்துக்குள்ள விழுந்திடுவார் எண்டுதான் உங்களுக்கு மட்டும் எழுதினனான். சரியாப் பயந்துபோனன், அக்கா. உடன உங்கட பதில் வந்திட்டுது." தலையணைக்குக் கீழேயிருந்து போனை எடுத்துக் காட்டினாள். "சந்தோசம், இனிப் பயமில்லை. அண்டைக்கு மெசின் பெட்டிக்குள்ள அம்மா உங்களுக்குச் சொன்ன அதே சொல்லு. அம்மா வந்து பக்கத்தில நிண்ட மாதிரி இருந்தது. பிள்ளை பிறக்குமட்டும் இந்தப் போனை நான் கையை விட்டு வைக்கேல்லை."

அம்மா என்ன சொன்னார் என்பது எனக்கு நினைவில் இல்லை. நோவையும் இவள் சிரித்ததையும் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை.

"அது வந்து," என்று தங்கையின் கணவர் தொடங்கினார்.

"தம்பி, வானுக்குள்ள சரக்குத்தூள் கிடக்கு. எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

தங்கை என் கையைப் பிடித்தாள். "நீங்கள் வழமை மாதிரி எங்க, என்ன, எப்பிடியெண்டு கேள்வியாக் கேப்பீங்கள் எண்டு நினைச்சன். ஒண்டுமே கேக்கேல்லை. எப்பிடி அக்கா, உடன விளங்கினது?"

நான் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.