பாம்பனில் தண்ணீர் திரும்பும் நாள்

சாரல் இந்த வருஷம் முன்கூட்டியே மலையிறங்கிவிட்டது. தென்காசி ஸ்டேஷனில் குற்றாலம் போகிற கூட்டம் நனைந்துகொண்டே சிரிக்கிறது. என்னோடு ரயிலில் வந்த பாம்பன்காரர் மட்டும் காற்றைப் பார்த்து வெளிறிப்போகிறார். வடகடலும் தென்கடலும் கலக்கும் பாம்பன் கால்வாயில் நீரோட்டம் வடக்கே திரும்பும் நாளை வருஷாவருஷம் பார்த்துக் குறிப்பவர் அவர். இந்தக் காற்று கிளம்பினால் அங்கே தண்ணீர் திரும்பிவிடும். ஆனால் இன்று இங்கே மாப்பிள்ளை வீட்டில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

“எல்லாரும் தேடுதாவ அண்ணாச்சி, ஏறுங்க,” என்கிறான் அழைத்துப்போக வந்த வண்டிக்காரன். “கடலு எங்க ஓடியா போயிரும்?”

“ஒரு வருஷமும் விட்டதில்லப்பா. இன்னைக்கு விட்டா, பார்த்த அத்தனையும் பாழ்.”

பாம்பன் பக்கம் திரும்பிப் போகிற எதிர் ரயில் ஊதுகிறது. நிச்சயத்துக்குக் கொண்டுவந்த தாம்பூலத் தட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடி அதில் ஏறுகிறார்.

வண்டிக்காரன் என்னை முறைக்கிறான். “நீங்களே வந்து சொல்லுங்கய்யா. அந்த வீட்டுக்குள்ள நான் தனியாப் போவமாட்டேன்.”