இடது பக்கத்து டிரம்

அன்றைக்கு இருந்தவர்கள்: நான். என் மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி புருசன். என் வீட்டுக்காரி. மதிலுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு அண்ணாச்சி. அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு வாங்கியவர். கொஞ்ச நேரம்தான் இருந்தார். தங்கச்சி இல்லை. அவள் செத்து வருசம் திரும்பப் போகிறது.

வண்டி என்னுடையது. அம்பாசிடர். அதை வாடகைக்கு ஓட்டித்தான் என் குடும்பம் நடந்தது. பிற்காலத்தில் அதை யாரும் கூப்பிடுவதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு எப்போதாவது கேட்பார்கள். வண்டிக்கு உண்டான ரிப்பேர் வேலை எல்லாம் நானேதான் பார்ப்பேன். வேறு ஆள் கையில் விட்டதில்லை.

போன வருசம் மாப்பிள்ளை வண்டியைக் கேட்டார். உடன்குடியில் அவர் வகையில் ஒரு வளைகாப்பு. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது, செய்துங்கநல்லூருக்கு முன்னால், ஒரு வாய்க்கால் பாலம். குறுகலானது. எதிரே ஒரு வேன் பாலத்தில் ஏறிவிட்டது. இவர் நின்று வழி விட வேண்டிய இடம். வண்டி நிற்கவில்லை. இடது பக்கக் கைப்பிடிச் சுவரில் போய் முட்டியது.

பெரிய வேகம் இல்லை. வண்டிக்கு ஒரு மட்கார்டும் ஒரு விளக்கும்தான் போயின. அவருக்கு உதடு கிழிந்தது. தங்கச்சி அந்த இடது பக்கம் இருந்தாள். சீட்டில் காலை மடக்கி வைத்துத்தான் உட்காருவாள், சின்ன வயதிலிருந்தே அப்படி. பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பேச்சு வரவில்லை. மறுநாள் முடிந்துவிட்டது.

மாப்பிள்ளை ஒரே பேச்சுத்தான் பேசினார். பிரேக்கை மிதித்தேன், மிதி தரையில் போய் உட்கார்ந்துவிட்டது என்றார். ஸ்டேஷனில் சொன்னார். என்னிடம் சொன்னார். சுடுகாட்டில் கேட்டவர்களிடமும் சொன்னார். வண்டியைப் பார்க்க வந்த அதிகாரி முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து மிதித்தார். பிடித்தது. குறை இல்லை என்றுவிட்டார். ஆனால் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் வழியில் பிரேக் ஆயில் ஊற்றினார்களா என்று யாருக்கும் தெரியாது. பின் சக்கரங்களை யாரும் திறக்கவில்லை.

சொந்தக்காரர்கள் அவர் கண் அசந்துவிட்டார் என்றே வைத்துக்கொண்டார்கள். விருந்துச் சாப்பாடு, மத்தியான வெயில், வேறென்ன வேண்டும். அவர் காதில் விழும்படியே பேசினார்கள். அவர் மகள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சமைத்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாளாம்.

வண்டி என் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நான் தொடவில்லை. பிறகு விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். வாங்குகிறவன் ஓட்டிக்கொண்டு போகணும், பிரேக் பார்த்துக் கொடுத்துவிடுங்கள் என்றான். மாப்பிள்ளைக்குத் தகவல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்துவிட்டார். கையில் ஒரு பை. புது லைனிங், கப், ஸ்பிரிங், எல்லாம் முந்தின நாளே வாங்கி வைத்திருந்தார்.

“விக்கதுக்கு முன்னால பின்பக்கத்தத் தொறந்து பாத்துருவோம் மச்சான்” என்றார்.

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும். சக்கரத்துக்குப் பின்னால் மூடியிருக்கிற பிரேக் டிரம்முக்குள் ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது. அதில் உள்ள ரப்பர் கப் போய்விட்டால் பிரேக் ஆயில் ஒழுகிவிடும், மிதி தரைக்குப் போகும். அப்படி ஆகியிருந்தால் உள்ளே ஈரம் இருக்கும். டிரம்மில் உரசிப் பிடிக்கிற லைனிங் ஊறிக் கறுத்திருக்கும். ஒரு வருசம் ஆனாலும் அந்தக் கறை போகாது. உள்ளே காய்ந்து தூசியாக இருந்தால் பிரேக் இருந்தது என்று அர்த்தம். படிக்காதவனும் பார்த்துச் சொல்லலாம்.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. ஒரு பக்கத்தை முடித்து மூடிய பிறகுதான் மறுபக்கத்தைப் பிரிக்க வேண்டும். ஒருவன் வேலை பார்ப்பான், ஒருவன் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான். ஆனால் தங்கச்சி மாப்பிள்ளையை எடுபிடியாக உட்கார வைக்க முடியாது. எங்கள் வீடுகளில் அப்படிச் செய்ய மாட்டோம். அவள் போன பிறகு அந்த மரியாதை கூடித்தான் இருந்தது. நான் எடுபிடியாக உட்கார்ந்தாலும் அவர் சம்மதிக்க மாட்டார். ஆகவே வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் அவருக்கு என்றாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிரிந்தது. முறை கெட்டது அங்கேதான்.

பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் கல் கொடுத்து நிறுத்தினோம். அண்ணாச்சி மதில்மேல் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க மாட்டார்.

“என்னவே, வண்டியச் சரிபண்ணுதீரா, அடக்கம் பண்ணுதீரா? கல்லுமேல ஏத்தி வச்சிருக்கதப் பாத்தா மாலை வாங்கிட்டு வரணும் போல இருக்கே.”

சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை மறுபக்கம் குனிந்திருப்பதைப் பார்த்தார். கையை மதிலிலிருந்து எடுத்துக்கொண்டார். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார். பிறகு வரவில்லை.

வலது டிரம் இரண்டு தட்டில் வந்துவிட்டது. உள்ளே சாம்பல் மாதிரித் தூசி. காய்ந்து கிடந்தது. லைனிங் பாதி மிச்சம். மாப்பிள்ளை எழுந்து வந்து பார்த்தார். விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். விரலில் தூசிதான் இருந்தது. திரும்பித் தன் பக்கம் போய்விட்டார்.

இடது டிரம் வரவில்லை. துரு ஏறி இறுகியிருந்தது. அவர் சுற்றிச் சுற்றித் தட்டினார். அடி பலமாக விழுந்தது. பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் புல்லர் உண்டு, அதைப் போட்டு இழுத்தால் வந்துவிடும்.

“பைய தட்டுங்க மாப்ள, ஒடஞ்சிரும். நான் போய்ப் புல்லர் வாங்கிட்டு வந்துருதேன்” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது டிரம் தரையில் கிடந்தது. தானாக வந்துவிட்டதாம். உள்பக்கம் துடைத்திருந்தது. லைனிங் ஒட்டிய ஷூ, ஸ்பிரிங், சிலிண்டர் எல்லாம் டீசல் ஊற்றி வைத்த சட்டிக்குள் கிடந்தன. அவர் பிரஷ்ஷை டீசலில் முக்கி, அதெல்லாம் மாட்டியிருந்த பின்தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தகடு பளிச்சென்று இருந்தது.

“ஈரம் இருந்துச்சா மாப்ள?”

“பாக்கல மச்சான். கழண்டு வந்த வேகத்துல சட்டில போட்டுட்டேன்.”

கழற்றியதை டீசலில் போடுவது கைப்பழக்கம். என் கையும் அப்படித்தான் போடும். ஆனால் அவர் வந்ததே அதைப் பார்க்கத்தான். புல்லரைச் சாக்கில் வைத்தேன். அவர் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் கொஞ்சம் பிசைந்து தின்றுவிட்டு, கை கழுவி, வாசலுக்குப் போய்விட்டார். நான் அடுக்களைக்குப் போனேன். நான் இல்லாத நேரம் அவள் கொல்லைப்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியும். அந்த மனை அங்கிருந்து தெரியும். மாப்பிள்ளை டிரம்மைக் கழற்றியதைப் பார்த்தாயா என்று கேட்டேன். அவள் அவரை அண்ணன் என்பாள்.

“பாத்தேன். அண்ணன் அத மடியில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உள்ள பாத்துக்கிட்டு இருந்தாவ. பொறவு அங்கன சக்கரத்துக்குள்ள குனிஞ்சி பாத்தாவ. அப்பொறந்தான் ஒண்ணொண்ணாக் கழத்திச் சட்டில போட்டாவ.”

உள்ளே ஈரமாக இருந்ததா என்றேன். அவ்வளவு தூரத்திலிருந்து தனக்கு என்ன தெரியும் என்றாள். அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“மொகத்தப் பாத்து என்னத்தச் சொல்ல? ஒரு வருசமா அது அப்படித்தான இருக்கு.”

காய்ந்திருந்தால் அவர். ஈரமாக இருந்தால் நான். அந்த வண்டிக்கு வேலை பார்த்தவன் வேறு யாரும் இல்லை. தன்னை மறைக்கவும் அவர் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். என்னை மறைக்கவும் சொல்லியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஊர் முழுக்கத் தன்னைப் பேசவிட்டுச் சும்மா இருக்கிற ஆள்தான் அவர். வாசலுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார். அதனால் கேட்கவில்லை.

சாப்பிட்ட கையைக் கழுவாமலே மனைக்குப் போய்ச் சட்டியிலிருந்து இடது பக்கத்துக் கப்பை எடுத்துப் பார்த்தேன். டீசல் பட்ட ரப்பர் உப்பிவிடும். உப்பி, மெத்தென்று ஆகி, ஓரத்தில் ஒரு பிசிறு இருந்தது. பழைய கிழிசலா, நான் நகத்தால் இழுத்ததில் பிய்ந்ததா, தெரியவில்லை. அதைத் தூக்கி எறிந்தேன்.

பிறகு மாட்டினோம். இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டதால் எந்த ஸ்பிரிங் மேலே, எது கீழே என்று பார்த்துக்கொள்ள ஒரு பக்கமும் மிச்சம் இல்லை. நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று சொன்னார். என் சொல்படி மாட்டியதில் ஷூ சாய்ந்து நின்றது. கழற்றி அவர் சொன்னபடி மாட்டினோம். சரியாக உட்கார்ந்தது. அவருக்கு எல்லாம் நினைவில் இருந்தது. ஒரு கொக்கிகூட விடாமல் பார்த்திருக்கிறார்.

குழாயில் உள்ள காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். தங்கச்சி செத்த பிறகு அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நான் அடியில் படுத்துக்கொண்டு மிதிங்க, பிடிங்க, விடுங்க என்று குரல் கொடுத்தேன். முதலில் சொன்னபடி செய்தார். பிறகு நான் சொல்லாதபோதும் மிதித்தார். திருகு திறந்திருக்கும்போது காலை எடுத்தார், காற்று திரும்ப உள்ளே போனது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் அதே. நான் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். மேலே மிதி விழுந்து எழுந்துகொண்டே இருந்தது. ஓய்ந்த பிறகு மாப்ள என்றேன். சொல்லுங்க மச்சான் என்றார். அதற்குப் பிறகு ஒழுங்காக வந்தது. மிதி கல் மாதிரி நின்றது.

வெயில் தாழ்ந்ததும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். சாவியை நீட்டினேன், வேண்டாம் என்றார். நான் ஓட்டினேன். அவர் இடது பக்கம் ஏறிக்கொண்டார். மனைகளுக்குப் பின்னால் புதிதாகப் போட்ட ரோடு, ஆள் நடமாட்டம் இல்லை. அன்றைக்கு வந்ததாக அவர் சொல்லும் நாற்பதில் போய், ஒரு கரண்ட் கம்பத்தைத் தாண்டும்போது மிதித்தேன். பிடித்தது. நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து வண்டி நின்றது.

அவர் இறங்கிக் கம்பத்துக்கு நடந்து போனார். என்னத்துக்கு என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பாலத்துக்கு அவர் தனியாக பஸ்ஸில் போய் வருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மிதித்ததாக அவர் சொல்லும் இடத்திலிருந்து சுவர் வரைக்கும் அளந்திருக்கிறார். ஒருதரம் என்னிடமே சொன்னார், முப்பத்திரண்டு காலடி என்று. கம்பத்தில் முதுகை ஒட்டி நின்றார். பிறகு வண்டியைப் பார்த்து, காலை ஒரே அளவாக எடுத்து வைத்து நடந்து வந்தார். பின்பக்கம் வந்ததும் நின்று டிக்கிமேல் கையை வைத்தார். நான் இறங்கவில்லை. அவரே சொன்னார்.

பதினாலு.