சாளை எடுத்த நாள்

என் கணவருக்குத் துப்பாக்கி கொடுத்தது அவருடைய அரபு முதலாளி. ஆனால் எந்தத் துப்பாக்கி என்று மண்டையை உடைத்துக்கொண்டது நான்தான்.

அவர் பட்டாளத்தில் இருந்தவர். ஷார்ஜாவில் அந்த முதலாளி வீட்டு வாசலில் காவலுக்குச் சேர்ந்திருந்தார். பெரியவருக்கு இவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இனிமேல் நீ என்னோடு காரில் வா, ஆயுதம் சட்டைக்குள் இருக்கட்டும், வெளியே தெரியக்கூடாது என்று சொல்லிவிட்டார். அனுமதிக்கு வேண்டியதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். மூன்று கைத்துப்பாக்கிகளைக் காட்டி, இடுப்பில் வைத்துப் பார்த்து, சுட்டுப் பார்த்து, சௌகரியமானதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். டூட்டி முடிந்ததும் அங்கேயே பூட்டி வைத்துவிட்டு வர வேண்டும்.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் அறைக்கும் பக்கத்துக் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். துப்பாக்கியைப் பற்றி எப்படிப் பேசுவது? இரண்டு பேரும் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள் ஆயிற்றே, மீன் பெயரை வைத்துவிட்டோம். பெரியது சூரை. நடுவிலுள்ளது சாளை. உள்ளங்கையில் அடங்குகிற சின்னது நெத்திலி.

எனக்கு நெத்திலிதான் வேண்டும். முந்தின வருடம்தான் அவருக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. நான் நர்ஸ், ஆபரேஷன் முடிந்து அந்தத் தையலைத் தினமும் பார்த்தவள். சூரையை இடுப்பில் செருகிக்கொண்டு காரில் போய்வந்த அன்று, கனத்தில் பெல்ட் இறங்கி, தழும்பைச் சுற்றிச் சிவந்து கன்றியிருந்தது.

"நெத்திலியே எடுங்க. இருக்கதே தெரியாதுன்னு நீங்கதான சொன்னிய?" என்றேன்.

"இடுப்புக்குச் சொகந்தான் பிள்ள. கைக்குச் சொகமில்ல. சுண்டுவெரலு வைக்க எடமில்ல. சுட்டா கையில கெடந்து துள்ளுது, கேட்டியா."

"தெனமும் சுடவா போறிய? சுமக்கத்தான போறிய!"

அவர் மெல்லச் சொன்னார்: "என்னைக்காவது ஒருநாள் சுட வேண்டி வந்தா குறி தப்பப்பிடாது. தப்பிச்சின்னா, முன்னால நிக்கது நானாக்கும்."

எழுந்து போய்ப் பாத்திரங்களைத் தடதடவென்று கழுவினேன். இடுப்பு வலியை மட்டும் நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அப்போதுதான் உண்மையான பயம் வந்தது.

இரண்டொரு நாள் கழித்து, டூட்டி முடிந்து நான் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"சாளைதான் எடுத்தேன் பிள்ள. நல்லா இருக்கு."

"சரி, சீக்கிரம் வாங்க" என்று வைத்துவிட்டேன். இறங்கியதும் கடையில் தேங்காயும் மாங்காயும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து தேங்காயை அரைத்து, மாங்காயைக் கீறிப் போட்டு, அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டேன். மீன் வந்து விழுந்தால் போதும். அவர் கையை வீசிக்கொண்டு வந்தார்.

"சாளை எங்க?"

"மொதலாளி வீட்டுல. பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியாச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பிருக்கிறதே! எனக்கும் அடக்க முடியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மலையாளத்துச் சேச்சி, "எந்தா விசேஷம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சேச்சி, சாளை கிட்டல" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவர் என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மீனில்லாத குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டோம். மாங்காய்ப் புளிப்பு நன்றாகத்தான் இருந்தது.

சாளை அவர் இடுப்புக்கும் ஒத்துப்போய்விட்டது. ஆனாலும் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றியதும் அந்தத் தழும்பை இன்றும் தொட்டுப் பார்க்கிறேன். நோகிறதா என்று கேட்பேன். நான் கேட்பது வலியை அல்ல என்று அவருக்குத் தெரியும்.

"இன்னைக்கும் சாளை தல நீட்டல பிள்ள" என்பார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பசிக்கும்.