இரண்டு வீட்டுக்கும் அத்தை

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேருக்காவது அவர்தான் கற்றுக்கொடுத்திருப்பார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை அவருடையது. அவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. எதிரே லாரி வந்தாலும், நாய் குறுக்கே பாய்ந்தாலும் அவர் கத்த மாட்டார். ஒரு மிதி, வண்டி நிற்கும். அதனால் ஊருக்கே அவர் பிரேக் அக்கா.

வேலை நேரம் முடிந்த விஷயம் மட்டும் அவர் கால்களுக்குத் தெரியாது. பேருந்தில் போனாலும் மிதிப்பார். தியேட்டரில் முன் சீட்டுக்காரர் திரும்பி முறைக்கும் அளவுக்கு மிதிப்பார். எதிரில் யாராவது படபடவென்று பேசினாலும் கால் தன்பாட்டுக்கு இறங்கிவிடும்.

ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "பண்ணக்கூடாதுன்னு இல்ல, அப்படியே விட்டுப்போச்சு" என்பார், ஏதோ கொடியில் எடுக்க மறந்த துணியைப் பற்றிச் சொல்வதுபோல. ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கு விடுமுறை. மதியச் சாப்பாடு கடைத்தெருவில், டயர் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கும் சீன ஓட்டலில்.

ஓட்டல்காரர் சீனாவை வரைபடத்தில்கூட சரியாகப் பார்த்தவரில்லை. பெயர்ப்பலகையில் வரையச் சொன்ன டிராகன், ஓவியரின் கைங்கரியத்தில், சளி பிடித்த பல்லியாக வந்திருந்தது. ஆனால் கையில் ருசி உண்டு. உள்ளே பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசை ஒன்று. அதன் நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. ஒற்றை ஆளுக்கு அது ரொம்ப அதிகம்தான். ஆனால் ஒழுங்காகச் சுற்றும் மின்விசிறி அதற்கு மேலேதான் இருந்தது. அக்கா அங்கேதான் உட்காருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப் வந்த நேரத்தில் ஓட்டல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அக்கா, ஒரு குடும்பம் வந்திருக்கு. பெரிய டேபிள் இது ஒண்ணுதான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறீங்களா?"

"வரச் சொல்லுங்க. மேசை என்ன என் சொத்தா?"

வந்தது பெண் வீடு. மாப்பிள்ளை வீட்டாரோடு சம்பந்தம் பேச அந்த இடத்தைத்தான் குறித்திருந்தார்கள். முன்னாலேயே மேசையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், 'மாப்பிள்ளையின் அத்தை போலிருக்கிறது, நேரத்துக்கு வந்துவிட்டார்' என்று நினைத்து மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். அக்காவும் சொன்னார். பெண்ணின் அம்மா அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். பிறகு மாப்பிள்ளை வீடு வந்தது. பெண் வீட்டார் நடுவில் ஓர் அம்மாள் சூப் குடிப்பதைப் பார்த்து, பெண்ணின் அத்தை என்று முடிவுகட்டி அவர்களும் வணக்கம் சொன்னார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வலப்பக்கம் உட்கார்ந்தார்.

'இவ்வளவு நல்ல மனிதர்களா!' என்று அக்காவுக்கு ஆச்சரியம்.

அவருடைய நூடுல்ஸைப் பரிமாறுபவர் கண்ணாடித் தட்டில் வைத்தார். யாரோ தட்டைச் சுழற்றினார்கள். நூடுல்ஸ் ஊர்வலம் கிளம்பி மாமாவிடம் போய் நின்றது. அவர் பாதியை அள்ளிக்கொண்டார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதிரே வந்த அவர்களுடைய கோழி வறுவலில் இரண்டு துண்டு எடுத்து வைத்துக்கொண்டார். கணக்கு நேராகிவிட்டது.

மாமாதான் பேச்சைத் தொடங்கினார். தொடங்கும்போதே நாலாவது கியர். "இதுல பேச என்ன இருக்கு? கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணு வேலைய விடுது, எங்க வீட்டுக்கு வருது, எங்க கூடவே இருக்குது, அதெல்லாம் நாங்க எப்பவோ முடிவு..."

அக்காவின் வலது கால் இறங்கியது. மாமாவின் கால் அதன் கீழே இருந்தது.

மாமா அப்படியே நின்றுபோனார். 'பெண்ணின் அத்தை லேசுப்பட்ட ஆள் இல்லை' என்று திகைத்தார். பெண் வீட்டாருக்கோ, மாமா தன் வீட்டு அத்தைக்குப் பயந்து பெட்டிப்பாம்பாக அடங்கியதாகத் தோன்றியது. அந்தத் தைரியத்தில் பெண்ணின் அம்மா கிளம்பினார். "அதெப்படிங்க? எங்க பொண்ணு எங்க தெருவுலதான் இருப்பா. மாப்பிள்ளதான் இங்க வரணும், வந்து எங்க கடையப் பாத்துக்கணும், அப்புறம்..."

இந்தமுறை இடது கால்; கிளட்ச். அம்மா "ஹக்" என்று நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் மாப்பிள்ளைப் பையனுக்கு முதன்முறையாக வாய் திறந்தது. "நானும் அவளும் பஸ் ஸ்டாண்ட் பின்னாடி ஒரு வீடு பாத்துட்டோம். ரெண்டு பேருக்கும் ஆபீஸ் பக்கம்."

"அவ வேலைய விடமாட்டா" என்று பெண் தன்னையே படர்க்கையில் சொல்லிக்கொண்டாள், பயத்தில்.

மாமா வாயைத் திறந்தார், மேசைக்கடியில் ஒருமுறை பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு அக்காவைக் கேட்டார்: "நீங்க பெரியவங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அக்காவின் கவனம் முழுக்கக் கண்ணாடித் தட்டில் இருந்தது. யாரோ அதை வேகமாகத் தள்ளியதில் சாஸ் புட்டி சாயப் பார்த்தது. "இப்படி ஆளாளுக்கு இழுத்தா எப்படிங்க? விட்டுடுங்க. அது தானா சுத்தி வரும்."

பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன பேச்சு! எவ்வளவு பெரிய விஷயத்த எவ்வளவு சுருக்கமா சொல்லிட்டாங்க!"

ஐஸ்கிரீம் வரும்போதுதான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அக்காவுக்கு உறைத்தது. சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இரு தரப்பும் எழுந்து கல்யாணத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

போகாமலிருக்க மனம் வரவில்லை. புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போனார். மண்டபத்தில் போட்டோகாரர், "மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க மட்டும்!" என்றபோது அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

பெண்ணின் அம்மா மாமாவிடம் போனார். "உங்க அத்தைய விட்டுட்டீங்களே?"

"எங்க அத்தையா? அவங்க உங்க அத்தைதானே?"

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். "நான் அன்னைக்குச் சாப்பிட வந்தவ. நீங்கதான் வந்து என் டேபிள்ல உக்காந்தீங்க."

"அப்ப என் கால மிதிச்சது?" என்றார் மாமா.

"பழக்கதோஷம். நான் டிரைவிங் சொல்லித்தர்றேன்."

"உங்க காலையுமா மிதிச்சாங்க?" என்று பெண்ணின் அம்மா மாமாவிடம் கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கல்யாணப் பெண் மேடையிலிருந்து இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். "யார் வீட்டு அத்தையா இருந்தா என்ன? நீங்க இல்லாம இந்தப் போட்டோ கிடையாது."

அக்கா புதுச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே ஏறினார்.

அந்தப் படம் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் யாரென்று கேட்டால், "சொந்தக்காரங்க" என்கிறார். எந்த வழியில் என்று கேட்டால் மட்டும், "உக்காருங்க, காபி போட்டுட்டு வந்து சொல்றேன், கொஞ்சம் நேரமாகும்" என்கிறார்.